பென்னாகரத்துக்குள்ளே ஒரு பேனா!

ஒரு காகிதத்தை எடுத்து, பென்னாகரம் என்று இங்கிலீஷில் எழுதிப் பாருங்கள். பி, ஈ, என், என், ஏ, ஜி, ஏ, ஆர், ஏ, எம். மொத்தம் பத்து எழுத்து. முதல் மூன்றைத் தனியாக எடுத்தால் ‘பென்’, அதாவது பேனா. மீதி ஏழு எழுத்தை அப்படியே படித்தால் ‘நகரம்’. அந்த ஏழையும் கலைத்து வேறு மாதிரி அடுக்கினால் ‘அனகிராம்’ என்ற சொல் வரும். எழுத்துகளை இடம் மாற்றி இன்னொரு சொல் செய்வதற்கு இங்கிலீஷில் அதுதான் பெயர். ஆந்திராவில் விசாகப்பட்டினத்துக்குப் பக்கத்தில் இருக்கிற விஜயநகரத்தையும் இங்கிலீஷில் எழுதிப் பாருங்கள். அதற்குள்ளும் இதே ஏழு எழுத்து இருக்கிறது.

இதைக் கண்டுபிடித்தது ஒன்பதாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்த என் அக்கா மகள். கண்டுபிடித்த அன்று அவள் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டுக்காரர் சுவர் மேல் எட்டிப் பார்த்தார். ஆறு மாதத்துக்கு முன்பு இதே பெண் இங்கிலீஷ் பீரியட் என்றால் வாயையே திறக்க மாட்டாள்.

நாங்கள் இருப்பது பாலக்கோடு பக்கம் ஒரு கிராமம். அக்காவும் மாமாவும் பெங்களூரில் கட்டட வேலை செய்கிறார்கள். பிள்ளை எங்களோடு. தர்மபுரி மாவட்டத்தில் பல வீடுகளில் இதுதான் நிலைமை. அப்பா அம்மா வெளியூரில் உழைப்பார்கள், பிள்ளைகள் ஆயாவிடம் வளரும். எட்டாவது வரை தமிழ் மீடியத்தில் நன்றாகப் படித்தவள், ஒன்பதாவதில் இங்கிலீஷ் மீடியத்துக்கு மாறினாள். கணக்கும் அறிவியலும் திடீரென்று வேறு பாஷை பேச ஆரம்பித்தன. காலாண்டுத் தேர்வில் இங்கிலீஷில் 22 மார்க். பாஸாக 35 வேண்டும்.

ஒரு கல்யாணத்தில் சொந்தக்காரர் ஒருவர், “இங்கிலீஷ்ல ஃபெயிலாகுறவள எதுக்குப் படிக்க வெச்சுக்கிட்டு? பத்தாவது முடியட்டும், நான் ஒரு பையன் பாத்து வெச்சிருக்கேன்” என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் எங்கள் பக்கத்தில் அது வெறும் பேச்சாக நிற்பதில்லை என்பது எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டிலேயே எழுத்தறிவு குறைந்த மாவட்டமாக வந்தது எங்கள் மாவட்டம்தான். மாநிலத்தில் 80 சதவீதம் என்றால் இங்கே 68.5.

நான் தமிழ் மீடியத்தில் பிளஸ் டூ முடித்தவள். வீட்டில் தையல் மிஷின் வைத்து பிளவுஸ் தைக்கிறேன். இலக்கணம் சொல்லிக்கொடுக்க எனக்குத் தெரியாது. டியூஷனுக்கு அனுப்ப வேண்டுமென்றால் பஸ் ஏறி பாலக்கோடு போக வேண்டும், இருட்டிய பிறகு திரும்ப வேண்டும். என் பள்ளி நாள்களில் கடைசிப் பீரியடில் டீச்சர் ஒரு நீளமான சொல்லைக் கரும்பலகையில் எழுதிப் போட்டு, “இதுக்குள்ள எத்தனை வார்த்தை இருக்குன்னு கண்டுபிடிங்க” என்பார். என் கையில் இருந்தது அந்த ஒரு விளையாட்டுதான்.

ஏழு தாலுகா போதும்

எந்தச் சொல்லைக் கொடுப்பது என்று யோசித்தபோது, அவளுக்கு ஸ்பெல்லிங் ஏற்கெனவே தெரிந்த சொல்லாக இருக்கட்டும் என்று நினைத்தேன். பள்ளிக்கூட நோட்டு லேபிளில் தினமும் எழுதுவது, பஸ் போர்டில் தினமும் பார்ப்பது. தர்மபுரியில் ஆரம்பித்தோம்.

முதல் நாள் அவளுக்கு வந்தவை ‘டேம்’, ‘மேட்’, ‘மேப்’. அணை, பைத்தியம், வரைபடம். மறுநாள் ‘ஹேர்’, ‘டிரம்’, ‘ஹார்ட்’. ஒரு வாரத்தில் ‘ரேபிட்’, ‘ஹியூமிட்’ என்று ஐந்தெழுத்துச் சொற்கள் வந்துவிட்டன. ‘தர்மா’, ‘பூரி’ இரண்டையும் சேர்க்கலாமா என்று சண்டை வந்தது. இரண்டுமே இங்கிலீஷ் டிக்‌ஷனரியில் இருக்கின்றன, சாப்பிடுகிற பூரி உட்பட. சேர்த்துக்கொண்டோம். வறண்ட நிலத்துக்கு இங்கிலீஷில் ‘ஆரிட்’ என்பார்கள். தர்மபுரிக்குள் அதுவும் இருக்கிறது. மழைக்கான ‘ரெயின்’ மட்டும் வராது. என் என்ற எழுத்தே தர்மபுரியில் கிடையாது. “அதான் நமக்கு மழையே வர்றதில்ல” என்றாள்.

பிறகு மற்ற தாலுகாக்கள். பாலக்கோட்டில் ‘பேலஸ்’, ‘பிளேஸ்’, ‘கோல்டு’, ‘லோடு’. காரிமங்கலம் பெரிய புதையல். ‘கிங்’, ‘ரிங்’, ‘மில்க்’, ‘அலாரம்’, ‘அனிமல்’, ‘மலேரியா’, ‘மார்க்கிங்’ எல்லாம் அதற்குள் இருந்தன. தர்மபுரியில் கிடைக்காத ‘ரெயின்’ இங்கே கிடைத்தது. நல்லம்பள்ளியில் ‘பிளான்’, ‘மெயில்’, ‘நெயில்’. பாப்பிரெட்டிப்பட்டியில் மட்டும் நான்கு பி இருக்கின்றன. அதனால் ‘பேப்பர்’ சுலபமாக வந்தது. பென்னாகரத்தில் பேனா, பாப்பிரெட்டிப்பட்டியில் பேப்பர்! எங்களை ஏமாற்றியது அரூர்தான். ஐந்தே எழுத்து, அதில் இரண்டு ஆர். அரை மணி நேரம் முட்டி மோதியும் எங்களுக்கு ஒன்றும் தேறவில்லை.

விளையாட விளையாட எனக்கு ஒன்று புரிந்தது. அவளைப் பயமுறுத்தியது இங்கிலீஷின் அளவு. டிக்‌ஷனரியைத் திறந்தால் கடல். பாடத்தில் ஒரு பத்தி படித்தால் தெரியாத சொல் பத்து. இங்கே கையில் இருப்பது பத்தே எழுத்து, அதுவும் நம் ஊரின் எழுத்து. பரீட்சையில் தப்புக்குச் சிவப்பு மை. இந்த விளையாட்டில் வராத சொல்லுக்கு யாரும் மார்க்கைக் குறைப்பதில்லை. வந்தது எல்லாம் லாபம்.

ஆயாவுக்குச் சொன்னால்தான் மார்க்

விதிகள் எளிமையானவை. குறைந்தது மூன்று எழுத்து இருக்க வேண்டும். ஊர்ப் பெயரில் ஓர் எழுத்து எத்தனை முறை வருகிறதோ அத்தனை முறைதான் பயன்படுத்தலாம். காரிமங்கலத்தில் ‘மில்க்’ வரும், ‘மில்கிங்’ வராது. ஐ ஒன்றுதான் இருக்கிறது. ஆள் பெயர் கூடாது.

நான்காவது விதி எங்கள் வீட்டுக்கே உரியது. கண்டுபிடித்த சொல்லுக்கு என்ன அர்த்தம் என்று ஆயாவுக்குப் புரிகிற மாதிரி தமிழில் சொல்ல வேண்டும். அவருக்குப் புரிந்தால்தான் மார்க்.

ஆயா என்பது என் அம்மா. மூன்றாவதோடு நின்றவர். கையெழுத்துப் போடுவார், பஸ் போர்டு படிப்பார். முதலில் அவரைச் சும்மா உட்கார வைத்திருக்க வேண்டாம் என்றுதான் சேர்த்துக்கொண்டோம். போகப் போக அவர்தான் கறாரான நடுவர் ஆனார். ‘ஆரிட்’ வந்த அன்று, “காஞ்ச பூமின்னு சொன்னா போதாதா, அதுக்கு ஒரு இங்கிலீசு வேறயா” என்று கேட்டுவிட்டு மார்க் கொடுத்தார். ‘லோடு’க்கு விளக்கமே தேவைப்படவில்லை. பாலக்கோடு மார்க்கெட்டில் தக்காளி லோடு ஏற்றுவதைப் பார்த்தே வளர்ந்தவர். “இது இங்கிலீசா? இத்தன நாளா நான் பேசினதெல்லாம் இங்கிலீசா?” என்று சிரித்தார். சிரிக்கும்போது வழக்கம்போல முந்தானையால் வாயை மூடிக்கொண்டார்.

அந்த முந்தானைக்கு ஒரு காரணம் உண்டு.

ஒகேனக்கல்லுக்குள் இருந்த சொல்

தாலுகாக்கள் தீர்ந்ததும் ஒகேனக்கல்லை எடுத்தோம். ஹெச், ஓ, ஜி, ஈ, என், ஏ, கே, கே, ஏ, எல். ‘லேக்’ வந்தது, ‘ஏஞ்சல்’ வந்தது, ‘கோல்’ வந்தது. அன்று ராத்திரி படுத்த பிறகு எழுந்து வந்து, “சித்தி, ஹாலஜன்!” என்றாள். பத்தில் ஏழு எழுத்து. அதுவரை எங்கள் வீட்டில் அடித்த பெரிய சிக்ஸர் அதுதான்.

மறுநாள் ஆயாவிடம் அர்த்தம் சொல்ல வேண்டும். நான் தெரு விளக்கு என்று நினைத்தேன். அவள் அறிவியல் புத்தகத்தை எடுத்து வந்தாள். தனிம வரிசை அட்டவணையில் ஒரே குடும்பமாக நிற்கிற தனிமங்களுக்கு ஹாலஜன் என்று பெயர். கிரேக்க மொழியில் உப்பை உண்டாக்குவது என்று பொருள். ஃப்ளோரின், குளோரின், புரோமின், அயோடின் எல்லாம் அந்தக் குடும்பம். “ஆயா, நாம போடுற உப்புல அயோடின் இருக்குல்ல, அது இந்தக் குடும்பம். தண்ணித் தொட்டியில மருந்து கலக்குறாங்கல்ல, குளோரின், அதுவும் இந்தக் குடும்பம்.” கொஞ்சம் நிறுத்திவிட்டுச் சொன்னாள். “உன் பல்லுல இருக்கிற கறை ஃப்ளோரைடு. அதுவும் இதுதான்.”

ஆயா பிறந்தது பென்னாகரம் பக்கம். சின்ன வயதிலேயே பல்லில் பழுப்புக் கோடுகள் விழுந்துவிட்டன. அந்த ஊரில் அவர் வயதுப் பெண்கள் பலருக்கும் அப்படித்தான். சரியாக விளக்காததால் வந்தது, வெற்றிலையால் வந்தது என்று ஆளுக்கொன்று சொன்னார்கள். உண்மையில் அது நிலத்தடித் தண்ணீரால் வந்தது. எங்கள் பக்கத்துப் பாறைகளில் இருக்கிற ஃப்ளோரைடு கிணற்று நீரிலும் போர் நீரிலும் கரைகிறது. குடிநீரில் லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது அளவு. அதைத் தாண்டிய தண்ணீரைப் பல் முளைக்கிற வயதில் வருடக்கணக்கில் குடித்தால் பல்லில் கறை ஏறும். இன்னும் அதிகமானால் எலும்பையும் மூட்டையும் பாதிக்கும்.

இதற்காகத்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது. திட்டத்தின் முழுப் பெயரிலேயே ஃப்ளோரைடு பாதிப்பைக் குறைப்பதும் சேர்ந்திருக்கிறது. ஜப்பான் கடனுதவியோடு கட்டி, 2013-ல் தொடங்கிவைத்தார்கள். காவிரித் தண்ணீர் தர்மபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டங்களுக்கும் குழாயில் போகிறது. ஹாலஜனுக்கு மாற்றாக வந்த தண்ணீரின் ஊர்ப் பெயருக்குள்ளேயே ஹாலஜன் உட்கார்ந்திருக்கிறது. எழுத்துகள் தற்செயலாக அமைந்ததுதான். ஆனால் அந்தத் தற்செயலால் ஒரு பாடம் எங்கள் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்தது.

ஆயா ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, “அப்ப இது என் தப்பு இல்லதானே?” என்றார். அறுபது வயதுக்கு மேல் ஒருவருக்கு வரக் கூடாத கேள்வி. அந்தச் சொல்லுக்கு மட்டும் பத்து மார்க் கொடுத்தார்.

வேலை இழந்தவரின் நூறு கட்டைகள்

பேப்பர் நிறைய வீணாகிறதே என்று எழுத்து அட்டைகள் செய்ய முடிவெடுத்தோம். வீட்டில் சேர்ந்து கிடந்த கல்யாணப் பத்திரிகைகளைத் தையல் கத்தரியால் சதுரம் சதுரமாக வெட்டினோம். எந்த எழுத்தை எத்தனை வெட்டுவது? அதற்கு ஏற்கெனவே ஒருவர் கணக்குப் போட்டு வைத்திருக்கிறார்.

அமெரிக்காவில் 1930-களில் பெரும் பொருளாதார வீழ்ச்சி வந்தபோது ஆல்ஃபிரட் பட்ஸ் என்ற ஆர்க்கிடெக்ட்டுக்கு வேலை போயிற்று. வீட்டில் இருந்த நாள்களில் ஒரு சொல் விளையாட்டை உருவாக்கினார். செய்தித்தாள்களை எடுத்து ஏ எத்தனை, ஈ எத்தனை என்று ஒவ்வோர் எழுத்தாக எண்ணினார். அதிகம் வருகிற எழுத்துக்கு அதிகக் கட்டை, குறைந்த மதிப்பெண். அரிதாக வருகிற எழுத்துக்கு ஒரே கட்டை, அதிக மதிப்பெண். 1948-ல் அந்த விளையாட்டுக்கு ஸ்கிராபிள் என்று பெயர் வந்தது. மொத்தம் 100 கட்டைகள். ஈ 12, ஏ 9, ஐ 9. க்யூவும் இஸட்டும் ஒவ்வொன்றுதான், ஆனால் தலா 10 மதிப்பெண். தந்தி மொழியான மோர்ஸில்கூட ஈ என்ற எழுத்துக்கு ஒரே ஒரு புள்ளிதான். அடிக்கடி அடிக்க வேண்டிய எழுத்து என்பதால் அதற்கு மிகக் குறைந்த உழைப்பு.

பட்ஸ் கணக்கில் வெட்டி அடுக்கினால் எங்கள் ஊர்ப் பெயர்கள் அடங்கவில்லை. ஸ்கிராபிளில் கே ஒன்றே ஒன்று. ஒகேனக்கல்லுக்கு இரண்டு வேண்டும். பி இரண்டுதான். பாப்பிரெட்டிப்பட்டிக்கு நான்கு வேண்டும். காரிமங்கலத்தில் ஏ நான்கு முறை வருகிறது, ஈ ஒன்றுகூட இல்லை. இங்கிலீஷ்காரர்களுக்கு ஈ எப்படியோ அப்படி நம் ஊர்களுக்கு ஏ. கே, பி, ஏ மூன்றையும் கூடுதலாக வெட்டிக்கொண்டோம். அவள் வெட்டிய பத்திரிகைகளில், பத்தாவது முடித்ததும் கல்யாணமான ஒரு பெண்ணுடையதும் இருந்தது. இரண்டு பேரும் அதைப் பற்றிப் பேசவில்லை.

போன் ஒரு நொடியில் சொல்லிவிடும்

‘இதெல்லாம் போனில் போட்டால் வந்துவிடுமே’ என்று நீங்கள் நினைப்பது கேட்கிறது. வரும். எழுத்துகளைத் தட்டினால் திரை நிறையப் பட்டியல் கொட்டும். அது எப்படிச் செய்கிறது என்பதும் சுவாரஸ்யம்தான். ‘லிசன்’ என்ற சொல்லின் ஆறு எழுத்தையும் அகர வரிசையில் அடுக்குங்கள். ஈ, ஐ, எல், என், எஸ், டீ. ‘சைலன்ட்’டை அடுக்கினாலும் அதேதான். ஜிகினாவுக்கு இங்கிலீஷில் சொல்கிற ‘டின்சல்’, பட்டியலில் சேர்ப்பது என்கிற ‘என்லிஸ்ட்’, இரண்டும் அப்படியே. டிக்‌ஷனரி முழுவதையும் இப்படி முன்கூட்டியே அடுக்கிவைத்துவிட்டால், அடுக்கு ஒத்துப்போகிற சொற்களை எடுத்துக்கொடுப்பது கம்ப்யூட்டருக்குச் சிரமமே இல்லை.

ஒரு நாள் அவளும் போனில் போட்டுப் பார்த்து, நீளமான பட்டியலோடு வந்தாள். ஆயா முதல் சொல்லுக்கு அர்த்தம் கேட்டார். இரண்டாவதுக்குக் கேட்டார். ஐந்தாவதில் அவளே போனைக் கவிழ்த்து வைத்துவிட்டாள். அன்று ஆயா கொடுத்தது மொத்தம் ஒரு மார்க். நான் போனைத் தடை செய்யவில்லை. இப்போது ஆட்டம் முடிந்த பிறகு, எதை விட்டோம் என்று பார்க்க மட்டும் எடுக்கிறோம். அதில் பிடித்த இரண்டு சொல்லை நோட்டில் எழுதி, ஒவ்வொன்றுக்கும் ஒரு வாக்கியம் எழுத வேண்டும். எங்கள் வீட்டில் இலக்கணம் உள்ளே நுழைந்த வழி அதுதான்.

உலகம் முழுக்கப் பலர் தினமும் விளையாடுகிற ‘வேர்டில்’கூட இப்படி வீட்டுக்குள் பிறந்ததுதான். ஜோஷ் வார்டில் என்ற பொறியாளர் தன் துணைவிக்காகச் செய்தது. ஐந்தெழுத்துச் சொல், ஆறு வாய்ப்பு, ஒரு நாளைக்கு ஒன்றுதான். 2021 அக்டோபரில் பொதுவில் வந்தது. 2022 ஜனவரியில் நியூயார்க் டைம்ஸ் வாங்கிவிட்டது.

தமிழுக்கும் இந்த ஆசை பழசுதான். முன்னும் பின்னும் எப்படிப் படித்தாலும் ஒரே மாதிரி வருகிற மாலைமாற்றில் திருஞானசம்பந்தர் ஒரு பதிகமே பாடியிருக்கிறார். தண்டியலங்காரம் சொல்கிற ‘கரந்துறை பாட்டு’ என்ற வகையில், ஒரு பாட்டின் எழுத்துகளுக்குள் இன்னொரு பாட்டு ஒளிந்திருக்கும். ஒரு சொல்லிலிருந்து எழுத்துகளை ஒவ்வொன்றாக நீக்க நீக்க வேறு வேறு சொல் வருவது ‘அக்கரச்சுதகம்’. அவளுடைய தமிழம்மா இதைச் சொன்னதும், “அப்ப இது நம்ம விளையாட்டுதான் சித்தி” என்று ஒரே பெருமை.

விளையாட நினைத்தால்...

உங்கள் ஊர்ப் பெயரிலிருந்து ஆரம்பியுங்கள். முதலில் ஏ, ஈ, ஐ, ஓ, யு என்ற உயிரெழுத்துகள் எத்தனை என்று எண்ணிவைத்துக்கொள்ளுங்கள். அடுத்து வால்களைத் தேடுங்கள். ‘இங்’, ‘ஈ-ஆர்’, ‘ஈ-டி’ மூன்றில் ஒன்று கிடைத்தாலும் சொற்கள் இரட்டிப்பாகும். பாப்பிரெட்டிப்பட்டியில் ‘டேப்’ ‘டிராப்’ ஆகி, ‘டிராப்டு’ ஆனது அப்படித்தான். குழாய், பொறி, மாட்டிக்கொண்டது. எழுத்துகளை வரிசையாக எழுதாமல் வட்டமாக எழுதினால் பழகிய ஊர்ப் பெயர் கண்ணை மறைக்காது. முக்கியமாக, வீட்டில் இங்கிலீஷ் தெரியாத ஒருவரை நடுவராக வையுங்கள்.

ஆண்டுத் தேர்வில் அவள் இங்கிலீஷில் 48 எடுத்தாள். விளையாட்டால் மட்டும் என்று சொல்ல மாட்டேன். பள்ளியில் அவளுடைய டீச்சர் தனியாக உட்கார வைத்துப் படிக்க வைத்தார், அவளும் உழைத்தாள். இப்போது பத்தாவது படிக்கிறாள். பையன் பார்த்து வைத்திருந்த சொந்தக்காரர் சமீபத்தில் வந்தபோது, அவர் ஊர்ப் பெயரைச் சொல்லச் சொல்லி ஒன்பது சொல் எடுத்துக் காட்டினாள். டீயைக் குடித்துவிட்டுப் போனார். வேறு பேச்சு எடுக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ராத்திரி அக்கா பெங்களூரிலிருந்து கூப்பிடுவாள். எட்டாவது வரை படித்தவள். அவளும் இப்போது ஆட்டத்தில் உண்டு. போன வாரம் ‘பெங்களூரு’வை எடுத்தோம். வளையலுக்கான ‘பேங்கிள்’ உடனே வந்துவிட்டது. பிறகு ஸ்பீக்கரில் அக்காவின் குரல், “ஈ, ஏ, ஆர், என். ஏர்ன் வருதுடி, சரியா?”

“சரிம்மா. அதுக்கு முன்னாடி ஒரு எல் போடு. லேர்ன்.”

ஆயா விடவில்லை. “ரெண்டுக்கும் அர்த்தம் சொல்லு.”

“உங்க மக செய்யுறது முதல் வார்த்தை ஆயா. சம்பாதிக்கிறது. நான் செய்யுறது ரெண்டாவது. கத்துக்கிறது.”

“சரி, ஆளுக்கு ஒரு மார்க் போடு” என்றார் ஆயா.